யார் எங்கே படுப்பது

“அப்பாவும் அம்மாவும் ராத்திரி எங்க படுக்கறாங்க சார்?”

அவர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பதில் என்னிடம் தயாராக இருந்தது. பக்கவாதம் வந்த அப்பாவை மருத்துவமனையிலிருந்து கூட்டி வருவதற்கு முந்தின நாளே ஹாலைக் காலி செய்து, ஃபேனுக்கு நேர் கீழே, டிவி தெரிகிற மாதிரி, தலைமாட்டை உயர்த்தி இறக்கும் இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தேன். மூன்றடி அகலம். வலது பக்கம் சுவர், இடது பக்கம் கம்பி. அங்கிருந்து கழிப்பறைக்குப் பதினாலு எட்டு. நானே நடந்து எண்ணியது. அம்மாவுக்கு முட்டி தேய்மானம், தரையில் படுத்தால் எழ முடியாது. அதனால் சமையலறையை ஒட்டிய சின்ன ரூமில், தம்பி மகளோடு மரக்கட்டிலில். ராத்திரி அப்பா கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று அந்த ரூமின் கதவைக் கழற்றியாயிற்று. சாஃப்ட்வேர்காரன் புத்தி. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஒரு லே-அவுட் போட்டுவிடுவேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். “எவ்ளோ நாளா தனித்தனியா படுக்கறாங்க?”

“இந்த நாலு மாசமா.”

“சின்னவன் கல்யாணத்துலேர்ந்து,” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

தம்பிக்குக் கல்யாணம் ஆனது 2016-ல். அவர் கேட்டது 2023-ல். ஏழு வருஷக் கணக்கு என்னிடம் இல்லவே இல்லை. வாரக்கடைசிகளில் ஊருக்கு வந்து போகிறவன் நான். அப்பா வராண்டாவில் நாடாக் கட்டிலில் படுத்திருப்பதை அத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். காத்தாட படுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வடக்குப்பட்டு. ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற பெல்ட். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர்கள் ஓய்வதில்லை. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பொது வரலாறு உண்டு. நிலத்தில் கொஞ்சம் போகும், கையில் கொஞ்சம் காசு வரும், ஓட்டு வீடு தளம் போட்ட வீடாகும், முன்பக்கம் இரண்டு போர்ஷன் இழுத்து ஒடிசா, பீகார் பையன்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒரு போர்ஷனில் ஆறு பேர், ஷிஃப்டு முறையில் ஒரே பாயில் மாறி மாறித் தூங்குவார்கள். மீதி இருக்கிற வீட்டில் குடும்பம். அதில் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனதும் அது பையனுக்குப் போகும். யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. கல்யாணத்தன்று பீரோவும் புதுக் கட்டிலும் உள்ளே போகும். அன்று ராத்திரி அப்பாவின் தலையணை வராண்டாவுக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அம்மாவின் பாய் பாட்டி பக்கத்திலோ, பிறகு பேரக்குழந்தை பக்கத்திலோ. அதற்கு மேல் ஏதாவது தோன்றினாலும் அதை அடைக்க ஒரு வாக்கியம் ஊரில் எப்போதும் தயாராக இருக்கிறது: பேரன் பேத்தி எடுத்த வயசுல.

இங்கேயே, வல்லம் வடகால் சிப்காட்டில், 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய விடுதியைத் திறந்தார்கள். தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்குவதற்கு. ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம், எத்தனை பேருக்கு எத்தனை குளியலறை என்று யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், வரையத்தான் வேண்டும். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேருக்கு ஒரு கட்டில் என்பதுதான் யார் வரைபடத்திலும் வராமல் போகிறது. என் வரைபடத்திலும் வரவில்லை.

கேள்வி கேட்டவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒரு நண்பன் மூலமாகக் கிடைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவார். முப்பது வயதுகூட இருக்காது. தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறை மருத்துவம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். முதல் நாள் நான் ‘தொழில்’ என்று சொல்லித் தொலைத்ததில் அம்மா பயந்துவிட்டாள். “இந்த நிலைமையில வேலைக்கு வேற போவச் சொல்றாங்களா?” அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விழுந்தார்.

இந்தத் துறை சொல்லும் ‘ஆக்குபேஷன்’ சம்பள வேலை மட்டும் இல்லை. ஒரு மனிதனின் நாளை நிரப்புகிற எல்லாமும் அதில் அடக்கம். சட்டைப் பித்தான் போடுவது, டீ கிளாஸைத் தூக்குவது, கோயிலுக்குப் போவது. பிசியோதெரபிஸ்ட் கையை அசைய வைப்பார். இவர் அந்தக் கையால் இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இங்கே கல்யாணம் செய்துகொண்டு, இந்த நாட்டுக்காரராகவே ஆனவர். தமிழ்நாட்டில் வேலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் கோவையிலும் படிப்பு இருக்கிறது. ஆனாலும் ஊர்ப்பக்கம் பெயர் தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோ செய்பவரும் வருகிறார். அது பெரிய விஷயம். இந்த இன்னொரு ஆளுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

பிறகு நான் தேடிப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் இந்தத் தொழிலுக்கான அடிப்படைச் சட்டகம் ஒன்றை வெளியிடுகிறது. நான்காவது பதிப்பு 2020-ல் வந்தது. அதில் அன்றாடச் செயல்கள் என்று ஒரு பட்டியல். குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, உடுத்துவது, சாப்பிடுவது, நடமாடுவது, தலை வாரிக்கொள்வது. அதே வரிசையில், அதே எழுத்தளவில், பாலுறவு. நட்சத்திரக் குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. அந்தப் பக்கத்தை நான் லேப்டாப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட முடிகிறதா என்று கேட்பது போலவே இதையும் கேட்கவேண்டும் என்று யாரோ தொழில் ஒழுங்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் உப்பு எவ்வளவு, நடை எவ்வளவு, எந்த மாத்திரை எந்த வேளை எல்லாம் இருந்தது. இது இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதே தெரியாது.

அன்று அவர் முதலில் செய்தது என் லே-அவுட்டைக் கலைத்ததுதான்.

அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. பலமான வலது கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் வலப்பக்கம் சுவர் வருகிற மாதிரி கட்டிலைப் போட்டேன். அதனால் வருகிறவர்கள், போகிறவர்கள், ஊட்டுகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கம்தான் நிற்கமுடியும். அம்மா நாலு மாசமாகச் சாயங்காலங்களில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரபிஸ்ட் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் இடது உள்ளங்கையைத் தொட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு வரை எதுவுமே தெரியவில்லை. முழங்கைக்கு மேலே லேசாக.

“அம்மா, நீங்க பிடிச்சிட்டு இருந்த கை அவருக்குத் தெரியவே இல்லம்மா,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே, “கண்ணால பாத்துக்குவேன்,” என்றார்.

கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இறங்குவதும் பலமான பக்கமாக இருந்தால்தான் சுலபமாம். அதுவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பிறகு அவர் என்னை வெளியே போகச் சொன்னார். அம்மாவிடம் தனியாகப் பேசவேண்டும், அப்புறம் அப்பாவிடம் தனியாக, அவர்கள் சம்மதித்தால் இரண்டு பேரிடமும் சேர்த்து. வேப்பமரத்தடியில் நின்றேன். எங்கள் ஊர் மேட்டில் 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. முக்கால் மீட்டர் ஆழத்திலேயே கற்காலக் கருவிகள், ரோமானியச் சாடியின் ஓடுகள், பாசிமணிகள் எல்லாம் கிடைத்தன. அப்பா அப்போது நன்றாக இருந்தார். தினமும் குழிப்பக்கம் போய்விட்டு வந்து, “பன்னெண்டாயிரம் வருசமாம்டா, கல்லாலேயே கத்தி செஞ்சிருக்கான்,” என்று போனில் சொல்வார். பன்னிரண்டாயிரம் வருஷத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம் நாங்கள். அவருடைய ஏழு வருஷத்தைப் பற்றி ஒரு நாள் பேசியதில்லை.

வெளியே வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “அது உங்களுக்கு இல்ல சார்,” என்றார். அந்த நேரத்தில் கோபம் வந்தது. ஃபீஸ் நான் கொடுக்கிறேன். பிறகு யோசித்தால், இந்த வீட்டில் அம்மாவிடம் யாரும் அப்படி ஒரு கதவைச் சாத்திக்கொடுத்ததில்லை.

நானே விடாமல் சொன்னேன்: “அவங்களுக்கு என்னங்க, வயசாயிடுச்சு. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கணும், அவ்ளோதானே?”

“அதை நீங்க முடிவு பண்ண வேண்டாமே.”

அந்தப் பதிலை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். நம் தலைமுறைக்கு வயதானவர்களின் காதல் பிடிக்கும், அது மடியில் தலை சாய்ப்பதோடு நிற்கும்வரை. பூங்கா பெஞ்சில் இரண்டு பேர், பின்னால் இளையராஜா. இதயம் பொம்மை போட்டு ஷேர் செய்வோம். உடம்பு என்று வந்ததும் முகம் சுளிக்கும், அல்லது சிரிப்பு வரும். 2022-ல் ‘வீட்ல விசேஷம்’ வந்தது. ‘பதாய் ஹோ’வின் தமிழ். கல்யாண வயதில் பையன் இருக்கும்போது அம்மா கர்ப்பமாகிறாள். டிவியில் போட்டபோது வீட்டில் எல்லோரும் பார்த்தோம். நான் சத்தமாகச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள், பாதியில் எழுந்து தோசைக்கு ஊறவைக்கப் போய்விட்டாள். ராத்திரி எட்டரை மணிக்கு யார் அரிசி ஊறவைப்பார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கையைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கலாம், அதற்கும் மேலே வேண்டும் என்பவர்கள் இருக்கலாம், எதுவுமே வேண்டாம், இப்போதுதான் நிம்மதி என்பவர்களும் இருக்கலாம். கடைசி வகையை நான் லேசாகச் சொல்லவில்லை. நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்கு மருமகள் வந்த நாள்தான் விடுதலை நாள். அதனால்தான் அவர் அம்மாவிடம் முதலில், தனியாகப் பேசினார். “அம்மாவைக் கேக்காம ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போட்டா அது அவங்களுக்கு இன்னொரு டியூட்டி சார்.” அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் அடுத்த வாரம் வந்து கொடுத்த வேலைகளிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வேலை எனக்கும் தம்பிக்கும். அப்பாவின் காலைக்கடன், துடைத்துவிடுவது, குளியல் எல்லாவற்றையும் இனி அம்மா செய்யக்கூடாது.

“காலைல ஆறு மணிக்கு ஒருத்தர் உடம்பை அலசி விட்டுட்டு, ராத்திரி அவரையே புருஷனா பாக்கறது ரொம்பக் கஷ்டம் சார். அவருக்கும் அப்படித்தான். அவங்க முன்னாடி கூசுது அவருக்கு.”

வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள். நாலு மாசமாக எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. பணம் கட்டினோம், மாத்திரை வாங்கினோம், கட்டில் போட்டோம். மலம் துடைப்பது அம்மாவின் வேலை என்று யாரும் சொல்லாமலே இருந்தது. தம்பிக்கு ஷிஃப்டு. பகல் ஷிஃப்டு வாரத்தில் அவன் கிளம்புவதற்கு முன், நைட் ஷிஃப்டு வாரத்தில் அவன் திரும்பியதும். சனி ஞாயிறு நான். மற்ற நாட்களில் சிலவற்றுக்கு ஆள் வைத்தோம்.

முதல் சனிக்கிழமை எனக்குக் கை நடுங்கியது. அப்பாவின் வேட்டியை அதுவரை நான் கொடியில்தான் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெந்நீரில் துணி நனைத்து... அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் எதிர்ப்பக்கம் பார்த்தபடியே செய்தேன். பாதியில் அவர், “ஏன்டா, லேப்டாப் தட்டற கைடா இது, அழுத்தித் தேயி,” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அதன் பிறகு சுலபமாயிற்று என்று சொன்னால் பொய். மூன்று நான்கு வாரம் ஆயிற்று. ஆனால் அந்த முதல் சனிக்கிழமை காலை அம்மா என்ன செய்தாள் தெரியுமா? செய்ய ஒன்றுமில்லாமல் கொஞ்சநேரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பிறகு தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையோடு வந்து, நான் பவுடர் போட்டு உட்கார்த்தி வைத்திருந்த அப்பாவின் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

இந்தக் கட்டுரையில் செக்ஸ் பற்றி ஏதோ வரப்போகிறது என்று படித்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததில் முக்கால்வாசி இதுதான்.

மீதிக் கால்வாசி ஒரு நோட்டீஸ். தெரபிஸ்டிடம் ஆங்கிலத்தில்தான் கையேடுகள் இருந்தன. தமிழில் இரண்டு பக்கம் வேண்டும், பெரிய எழுத்தில், உங்களுக்கு டைப் பண்ண வருமே என்றார். என் அப்பா அம்மாவுக்கென்று இல்லை, அவர் பார்க்கும் எல்லோருக்கும். ஒப்புக்கொண்டேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். எந்தச் சொல்?

‘பாலுறவு’ பாடப்புத்தகம். ‘உடலுறவு’ என்றால் செய்தித்தாளில் போலீஸ் செய்தி. ‘தாம்பத்யம்’ வார இதழ் டாக்டர் பதில்கள். ‘ஆண்மை’ என்ற சொல்லை லாட்ஜ் வைத்தியர்கள் எப்போதோ குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். படப்பை பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து மீட்க முடியாது. எனக்கு விவரம் தெரியும் வயதில் விஜய் டிவியில் ‘புதிரா புனிதமா’ வந்தது. டாக்டர் மாத்ருபூதம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். அந்தச் சொற்களும் இளைஞர்களுக்கானவை. தொல்காப்பியத்தைப் புரட்டினால், கற்பியலின் கடைசியில், காமம் நிறைந்து முடிந்த காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் அறம் செய்வதே பயன் என்று முதுமைக்கு வழி காட்டிவிடுகிறது. அறுபத்தாறு வயதுக்காரர் கூசாமல் படிக்கும் சொல் அகராதியில் இல்லை. கடைசியில் தெரபிஸ்டே சொன்னார்: “எங்கிட்ட பேசற அம்மாங்க எல்லாம் ‘ஒண்ணா இருக்கறது’ன்னுதான் சொல்றாங்க.” அதையே போட்டேன். அதில் கட்டிலும் இருக்கிறது, கையும் இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்பது படிப்பவர் பாடு.

டைப் செய்யும்போதுதான் இது எவ்வளவு சாதாரண விஷயங்களால் ஆனது என்று புரிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சீக்கிரம் களைத்துவிடும். ராத்திரிதான் என்று இல்லை, தெம்பு இருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுத் தேய்மானம் இருப்பவருக்குக் காலையில் விறைப்பு அதிகம். வெந்நீர்க் குளியலோ, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையோ அரைமணி முன்னால் உதவும். முட்டி போடவேண்டாம், ஒருக்களித்துப் படுக்கலாம். விழுந்த கைக்கும் முதுகுக்கும் தலையணை முட்டுக் கொடுங்கள். உணர்ச்சி இருக்கிற பக்கத்தைத் தொடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியால் வலிப்பது நோயில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. தண்ணீர் சேர்ந்த வழவழப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். இடுப்பெலும்பு மாற்றியவர்கள் எந்தக் கோணத்துக்கு மேல் மடக்கக்கூடாது என்று தங்கள் டாக்டரிடம் கேட்கலாம். கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திரும்பவும் ஸ்ட்ரோக் வந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சாதாரணமாகச் சொல்லும் அளவுகோல், இரண்டு மாடி படி ஏறும் அளவு உழைப்பு. பிரஷர் கட்டுக்குள் இருந்து, டாக்டர் சரி என்றால் பெரும்பாலானவர்கள் பயப்படவேண்டியதில்லை. ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் வயாக்ரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது, பிரஷர் அபாயமாக இறங்கிவிடும். லாட்ஜில் தருகிற பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால், அதையும் சேர்த்து.

1976-ல் ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் இதற்கு நாலு படி வைத்தார். முதல் படி அனுமதி: இதைப் பற்றி இங்கே பேசலாம் என்று உணர்த்துவது. இரண்டாவது கொஞ்சம் தகவல். மூன்றாவது அவரவர் நிலைக்கேற்ற யோசனை. நாலாவதுதான் தீவிர சிகிச்சை, அதற்கான நிபுணரிடம். எங்கள் ஆபீஸில் சப்போர்ட் டீம் லெவல் ஒன், லெவல் டூ என்று இருக்கிற மாதிரிதான். பலருடைய டிக்கெட் முதல் லெவலிலேயே மூடிவிடும் என்பது அந்த மாடலின் நம்பிக்கை. நம்மூரில் அந்த முதல் கவுன்ட்டரில்தான் ஆளே இல்லை. அமெரிக்காவிலேயே பெரிதாக ஒன்றுமில்லை. 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஸ்டேசி லிண்டாவ் குழுவின் ஆய்வு வந்தது. 57 முதல் 85 வயது வரை 3,005 பேரிடம் கேட்டார்கள். 65 முதல் 74 வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 75-க்கு மேல் நாலில் ஒருவர் அந்த ஒரு வருடத்தில் உறவில் இருந்தவர்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது டாக்டரிடம் இதைப் பேசியவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22. அதைப் படித்தபோது சமையலறையிலிருந்து வந்த அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. சின்னவன் கல்யாணத்துலேர்ந்து. கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவேயில்லை. என்னிடம் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள்.

இதை எழுதட்டுமா என்று போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதைப் பத்தி என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் கீரையையே பார்த்தாள். “பேரு போடாத. ஊரு போட்டா போட்டுக்கோ, இந்த ஊருல பாதிப் பேரு கதை இதானே.” அப்பாவிடம் கேட்டதற்கு, “எழுதி என்ன பண்ணப்போற?” என்றார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் உள்ளே என்ன என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, அது எனக்கானதும் இல்லை.

அறை விஷயம் நான் தீர்த்தது இல்லை. தம்பி மனைவி தீர்த்தது. கட்டில், தலையணை, ஜெல், நேரம் என்று எவ்வளவு யோசனை சொன்னாலும் ஹாலில் நடுவில் கிடக்கும் கட்டிலுக்கு அது எதுவும் பொருந்தாது என்பது தெரபிஸ்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தம்பியிடம் அறையைக் காலி பண்ணு என்று எப்படிச் சொல்வது, எதற்கு என்று சொல்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே, சாதம் போட்டுக்கொண்டே, முன்பக்க போர்ஷன் பையன்கள் அடுத்த மாசம் காலி பண்ணுகிறார்கள், நாங்கள் அங்கே போய்விடுகிறோம், பாப்பாவுக்கும் படிக்க இடம் வேணும் என்றாள். தம்பி, “வாடகை?” என்றான். “போகட்டும்,” என்றாள். மாசம் நாலாயிரம் ரூபாய். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வீட்டில் மாமியாரை ஒரு பெண்ணாகப் பார்த்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். நோட்டீஸை டைப் செய்த நான் இல்லை.

கட்டில் வாங்க அம்மாவை படப்பைக்கு பைக்கில் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஐந்தடி கட்டிலைக் காட்டி, “யாருக்குங்க, கல்யாணமா?” என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “வீட்டுக்கு,” என்றேன். கட்டில் உயரம் முக்கியம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும், முட்டி இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். அம்மாவைக் கடையில் உட்காரவைத்துப் பார்த்தேன். கால் எட்டிற்று. மெத்தையைக் கையால் ஒரு தடவை அமுக்கினாள். “ஊரே சிரிக்கும்டா,” என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைசியாகத் தகராறு வந்தது தாழ்ப்பாளில். தம்பிக்குக் கதவு சாத்தக்கூடாது, ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது. நியாயமான பயம்தான். மேல் தாழ்ப்பாள் அப்பாவுக்கு எட்டவும் எட்டாது. தெரபிஸ்ட் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிப் பூட்டு போடச் சொன்னார்; உள்ளே ஒரு கையால் திருகினால் பூட்டும், வெளியே காசை வைத்துத் திருகினால் திறக்கும். குளியலறைகளில் போடுகிற வகை. கட்டில் வலது பக்கம் எட்டுகிற மாதிரி ஒரு காலிங்பெல் சுவிட்ச், மணி தம்பி போர்ஷனில். ஒரகடத்தில் வாங்கி நானே மாட்டினேன். மாட்டி முடித்ததும் அப்பா உள்ளேயிருந்து பூட்டிப் பார்த்தார், திறந்தார், மறுபடி பூட்டினார். நாலைந்து தடவை. தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, விரல் திருகுகிற விதத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அப்பாவைக் குளிப்பாட்ட ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. பாப்பா முன்னால் ஓடித் தட்டக் கையைத் தூக்கினாள்.

“ஏய், ஆயா தாத்தா இன்னும் எழுந்திருக்கல, வா இந்தப் பக்கம்,” என்று தம்பி மனைவி அதட்டினாள். எனக்கு டீ வைத்தாள். வராண்டாவில் நாடாக் கட்டில் மடித்துச் சாத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடித்தேன். ஷிஃப்டு முடிந்து பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு மேல்தான் பூட்டு திருகும் சத்தம் கேட்டது.